வேலியாக வந்த விளையாட்டு: அமெரிக்கக் கல்லூரி வாசலில் ‘தகுதி’யின் நூறாண்டுக் கதை

2023 ஜூன் 29 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், கல்லூரிச் சேர்க்கையில் விண்ணப்பதாரரின் இனத்தைக் கணக்கில் கொள்வது செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகமும் வட கரோலினா பல்கலைக்கழகமும் எதிர்வாதிகளாக நின்ற வழக்கு அது. நம் ஊர் இடஒதுக்கீட்டு எதிர்ப்பாளர்களுக்கு அந்தத் தீர்ப்பு ஒரு திருவிழா. “பார்த்தீர்களா, அமெரிக்காவே தகுதிக்குத் திரும்பிவிட்டது, நீங்கள் மட்டும் இன்னும் சாதிச் சான்றிதழைத் தூக்கிக்கொண்டு அலைகிறீர்கள்” என்று நம் பிள்ளைகளின் முகத்துக்கு நேராகவே பேசுகிறார்கள். விடுதியிலும் வகுப்பிலும் இதைக் கேட்டு வாயடைத்து நிற்கும் தோழர்களுக்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறோம்.

அந்த வழக்கின் கோப்புகளிலேயே இன்னொரு செய்தியும் இருக்கிறது. ஹார்வர்டில் அதிகச் சலுகையோடு உள்ளே நுழைந்தவர்கள் கறுப்பின மாணவர்கள் அல்லர். துடுப்புப் படகு ஓட்டியவர்கள், வாள்வீச்சு பயின்றவர்கள், ஸ்குவாஷ் ஆடியவர்கள். அந்தச் சலுகையை உச்ச நீதிமன்றம் தொடவே இல்லை. படிப்பதற்கான இடத்தை விளையாட்டு ஏன் தீர்மானிக்கிறது? எப்போதிலிருந்து தீர்மானிக்கிறது? இதற்கு விடை தேடினால் ‘தகுதி’ என்ற சொல்லின் பிறப்புச் சான்றிதழே நம் கைக்குக் கிடைக்கும்.

தேர்வில் தோற்றவர்கள் தேர்வையே மாற்றினார்கள்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், கொலம்பியா போன்ற கல்லூரிகளில் சேர நுழைவுத் தேர்வில் தேறினால் போதும். அந்தத் தேர்வும் எல்லோருக்கும் பொதுவானதாக இல்லை. லத்தீன் போன்ற பாடங்கள் பெரும்பாலும் பணக்காரப் பிள்ளைகள் படித்த தனியார் பள்ளிகளில்தான் சொல்லித்தரப்பட்டன. ஆனாலும் தேறியவனை வெளியே தள்ள வழியில்லை.

கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஒடுக்குமுறைக்குத் தப்பி வந்த யூதக் குடும்பங்களின் பிள்ளைகள், நியூயார்க், பாஸ்டன் நகர அரசுப் பள்ளிகளில் படித்து இந்தத் தேர்வுகளில் குவியலாகத் தேறத் தொடங்கினார்கள். 1920ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் கொலம்பியா கல்லூரியில் யூத மாணவர்கள் சுமார் 40 விழுக்காட்டை எட்டியிருந்தார்கள். ஹார்வர்டில் 1922இல் ஐந்தில் ஒருவர் யூதர். தையற்கடைக்காரர் மகனும் தள்ளுவண்டிக்காரர் மகனும் தங்கள் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்காருவதை நூற்றாண்டுகளாக அந்த நிறுவனங்களைத் தம் வீட்டுச் சொத்தாக வைத்திருந்த வெள்ளைக் குடும்பங்களால் பொறுக்க முடியவில்லை.

ஹார்வர்டின் தலைவர் லாரன்ஸ் லோவல், யூதர்களுக்கு 15 விழுக்காடு என்று உச்சவரம்பு வைக்கலாம் என்று 1922இல் வெளிப்படையாகவே முன்மொழிந்தார். எதிர்ப்பு கிளம்பியது. பேராசிரியர் குழு ஒன்று அதை நிராகரித்தது. ஆனால் லோவல் விடவில்லை. 1926இல் புதிய விதிகள் வந்தன. முதலாண்டுச் சேர்க்கை 1,000 பேருக்குள் நிறுத்தப்பட்டது. மதிப்பெண்ணோடு ‘குணநலன்’, ‘ஆளுமை’, ‘தலைமைப் பண்பு’ ஆகியவையும் பார்க்கப்படும் என்றார்கள். விண்ணப்பத்தோடு நிழற்படம் கேட்டார்கள். கொலம்பியா அதற்கு முன்பே மதம், தந்தை பிறந்த இடம் என்றெல்லாம் கேட்கும் படிவத்தைக் கொண்டுவந்திருந்தது. நேர்காணலும் வைத்தது.

இந்தக் ‘குணநலனை’ எதை வைத்து அளப்பது? அங்கேதான் விளையாட்டு வந்தது. திறந்தவெளி ஆட்டங்கள், அணியில் ஆடிய அனுபவம், ‘ஆண்மை’ மிகுந்த உடற்கட்டு ஆகியவை நல்ல குணத்தின் சான்றாக வைக்கப்பட்டன. இரவெல்லாம் விளக்கடியில் படித்துத் தேறிய ஏழைப் பையன் ‘வெறும் படிப்பாளி’ ஆனான். விடுதிப் பள்ளியில் கால்பந்தும் துடுப்பும் பழகிய பணக்காரப் பையன் ‘முழுமையான மனிதன்’ ஆனான். சில ஆண்டுகளிலேயே ஹார்வர்டில் யூதர்களின் பங்கு லோவல் விரும்பிய 15 விழுக்காட்டை ஒட்டி இறங்கியது. எந்தச் சட்டத்திலும் ‘யூதர்’ என்ற சொல் இல்லை.

இந்த இடத்தில் அண்ணல் அம்பேத்கரை நினைக்காமல் கடக்க முடியாது. பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913இல் அவர் போய்ச் சேர்ந்தது இதே கொலம்பியாதான். அவர் பட்டமேற்படிப்பு மாணவர். மேலே சொன்ன வடிகட்டல் நடந்தது இளநிலைக் கல்லூரியில், அவர் 1916இல் அங்கிருந்து கிளம்பிய பிறகு. அண்ணலுக்கு அங்கே வழிகாட்டிய பேராசிரியர் எட்வின் செலிக்மன் ஒரு யூதர் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். சாதியற்ற காற்றை அண்ணல் முதன்முதலில் சுவாசித்த வளாகத்திலேயே, அவர் கிளம்பிய சில ஆண்டுகளுக்குள் வேறொரு மக்களுக்கு வேலி கட்டப்பட்டது. ஒடுக்குகிறவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் ஒரே பாடத்தைத்தான் படிக்கிறார்கள்: தேர்வில் நாம் தோற்றால் தேர்வை மாற்று.

ரோட்ஸ் எழுதிய உயில்

இந்த அளவுகோலுக்கு முன்மாதிரி ஏற்கெனவே இருந்தது. ஆப்பிரிக்காவில் வைரச் சுரங்கங்களால் கொழுத்த சிசில் ரோட்ஸ் 1902இல் இறந்தபோது, ஆக்ஸ்ஃபோர்டில் படிக்க உதவித்தொகை ஏற்படுத்தி உயில் எழுதி வைத்திருந்தார். வெறும் புத்தகப்புழுக்கள் தமக்கு வேண்டாம் என்று அதில் சொல்லியிருந்தார். படிப்போடு சேர்த்து, ஆண்மைக்குரிய திறந்தவெளி விளையாட்டுகளில் ஈடுபாடும் வெற்றியும் வேண்டும் என்பது நிபந்தனை. ஆண்மை என்று எழுதிய பிறகு பெண்களுக்கு ஏது இடம்? 1970களின் பிற்பகுதி வரை ரோட்ஸ் உதவித்தொகை பெண்களுக்குக் கிடையாது.

இந்த ரோட்ஸ் யார்? கேப் காலனியின் பிரதமராக இருந்து, 1894இல் கிளென் கிரே சட்டத்தின் மூலம் ஆப்பிரிக்கர்களின் நிலவுரிமையை நெரித்து அவர்களைக் கூலிவேலைக்குத் தள்ளியவர். பேரரசை ஆளப்போகும் வெள்ளை இளைஞர்களுக்கு விளையாட்டு மைதானமே பயிற்சிக்களம் என்பது அவர் காலத்து ஆங்கிலேய மேட்டுக்குடியின் நம்பிக்கை. 1907இல் அலைன் லாக் என்ற கறுப்பின அறிஞர் ரோட்ஸ் உதவித்தொகைக்குத் தேர்வானார். தென்மாநில வெள்ளை மாணவர்கள் அவரோடு பழகவே மறுத்தார்கள். அடுத்த கறுப்பின அமெரிக்கர் தேர்வாக 1963 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

உடல் வேண்டும், ஆள் வேண்டாம்

விளையாட்டுத் திறமைதான் அளவுகோல் என்றால் கறுப்பின வீரர்களுக்காவது வாசல் திறந்திருக்க வேண்டும் அல்லவா? பால் ரோப்சனின் கதையைப் பாருங்கள். 1915இல் ரட்கர்ஸ் கல்லூரியில் அவர் சேர்ந்தது விளையாட்டால் அன்று. மாநில அளவிலான தேர்வில் வென்று பெற்ற கல்வி உதவித்தொகையால். கால்பந்துப் பயிற்சிக்குப் போனபோது சொந்த அணியினரே அவர் மூக்கை உடைத்தார்கள். அவர் விடாமல் ஆடி, நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர் ஆனார். ஆனாலும் 1916இல் ஒரு தென்மாநிலக் கல்லூரி அணி கறுப்பர் இருந்தால் ஆடமாட்டோம் என்றபோது, ரட்கர்ஸ் அவரை வெளியே உட்கார வைத்தது. அதே ரோப்சன் வகுப்பின் முதல் மாணவராகப் படிப்பை முடித்து, பின்னர் கொலம்பியாவில் சட்டம் படித்தார்.

தென்மாநில அணிகளோடு ஆடும்போது கறுப்பின வீரரை ஒதுக்கி வைப்பதற்குக் ‘கனவான்கள் ஒப்பந்தம்’ என்று பெயர். 1940இல் மிசௌரி பல்கலைக்கழகத்தோடு ஆடப்போன நியூயார்க் பல்கலைக்கழக அணி, லெனர்ட் பேட்ஸ் என்ற கறுப்பின வீரரை விட்டுவிட்டுப் போக முடிவெடுத்தது. மாணவர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு “பேட்ஸ் ஆடியே தீர வேண்டும்” என்று முழங்கினார்கள். பேட்ஸ் ஆடவில்லை. போராட்டத்தை முன்னின்று நடத்திய 7 மாணவர்களை 1941இல் பல்கலைக்கழகம் இடைநீக்கம் செய்தது. அவர்களை அந்தப் பல்கலைக்கழகம் அழைத்துச் சிறப்பித்தது 2001இல். மிசௌரி என்ற பெயரை நினைவில் வையுங்கள், கடைசியில் மீண்டும் வரும்.

இது நமக்குப் புதிய கதையா? பல்வங்கர் பாலு ஞாபகம் வருகிறதா? சமார் சாதியில் பிறந்து, புனே வெள்ளையர் கிளப்பில் மைதானம் பராமரிக்கும் வேலை பார்த்து, வலையில் வெள்ளையர்களுக்குப் பந்து வீசியே இந்தியாவின் முதல் பெரும் சுழற்பந்து வீச்சாளர் ஆனவர். இந்து அணிக்கு அவர் விக்கெட் வேண்டும். தேநீர் இடைவேளையில் மட்டும் அவருக்கு வெளியே மண்குவளை. 1911இல் இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்தில் 100 விக்கெட்டுகளுக்கு மேல் வீழ்த்தியவருக்கு இந்து அணியின் தலைமைப் பொறுப்பு கடைசிவரை முழுதாகக் கிடைக்கவில்லை. ரட்கர்ஸின் வெளிப் பெஞ்சும் புனேயின் மண்குவளையும் ஒரே வீட்டுப் பொருள்கள்.

உதவித்தொகையா, ஒப்பந்தக்கூலியா?

கல்லூரி விளையாட்டு அமெரிக்காவில் மெல்ல மெல்லப் பெரும் வியாபாரம் ஆனது. ஆட்களைப் பிடிக்க மறைவாகப் பணம் கைமாறியது. என்.சி.ஏ.ஏ. என்ற தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் பல ஆண்டுகள் தடுமாறி, 1956இல் ஒரு முடிவுக்கு வந்தது. குடும்ப வருமானத்தைப் பார்க்காமல், ஆட்டத்திறமைக்காகவே முழு உதவித்தொகை தரலாம். கல்விக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, புத்தகம் எல்லாம் அதில் அடங்கும்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதே காலத்தில்தான் ‘மாணவ விளையாட்டாளர்’ என்ற சொல்லையும் அந்தச் சங்கம் உருவாக்கிப் பரப்பியது. காரணம், 1955இல் கொலராடோவில் ரே டெனிசன் என்ற வீரர் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவர் மனைவி, வேலையில் இறந்தவருக்கு உரிய இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டார். அவர் தொழிலாளி அல்லர் என்று 1957இல் மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாணவர் என்றால் இழப்பீடு இல்லை, சங்கம் வைக்கும் உரிமை இல்லை, ஊதியமும் இல்லை. ஒரே ஒரு சொல்லால் எவ்வளவு மிச்சம்!

1960களில் தென்மாநிலக் கல்லூரிகளும் கறுப்பின வீரர்களுக்கு வாசலைத் திறக்கத் தொடங்கின. கறுப்பின மாணவர்கள் நுழையக்கூடாது என்று 1963இல் ஆளுநரே வாசலில் மறித்து நின்ற அலபாமா பல்கலைக்கழகம், அந்தப் பத்தாண்டு முடிந்ததும் கறுப்பினக் கால்பந்து வீரர்களுக்கு உதவித்தொகை தந்து அழைத்தது. மனம் மாறியதா என்று கேட்டால், ஆட்டங்களில் தோல்வி தாங்க முடியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வந்தவர்கள் தலைகுனிந்து ஆடிவிட்டுப் போகவில்லை. கலிஃபோர்னியாவின் சான் ஹோசே கல்லூரியில் விளையாட்டு உதவித்தொகையில் படித்து, பிறகு அங்கேயே ஆசிரியரான ஹாரி எட்வர்ட்ஸ், 1967இல் கறுப்பின மாணவர்களைத் திரட்டினார். அவர்களுக்கு வீடு மறுக்கப்படுவதை எதிர்த்த அந்தப் போராட்டத்தால் பருவத்தின் முதல் கால்பந்து ஆட்டமே ரத்தானது. 1968 மெக்சிகோ ஒலிம்பிக் மேடையில் கறுப்புக் கையுறை அணிந்து முட்டி உயர்த்திய டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோசும் அதே கல்லூரி மாணவர்கள். 1969இல் வயோமிங் பல்கலைக்கழகத்தில் 14 கறுப்பின வீரர்கள், நிறவெறி காட்டிய மார்மன் திருச்சபையின் கல்லூரி அணியோடு ஆடும்போது கறுப்புப் பட்டை அணிய விரும்புகிறோம் என்று கேட்கப் போனார்கள். கேட்டதற்கே 14 பேரும் அணியிலிருந்து நீக்கப்பட்டார்கள். அந்தப் பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்க 50 ஆண்டுகள் ஆயின.

இப்போது விதிகள் எப்படி மாறின என்று கவனியுங்கள். ‘கீழ்ப்படியாத’ வீரரின் உதவித்தொகையை நிறுத்தலாம் என்று 1967இல் என்.சி.ஏ.ஏ. விதி செய்தது. 1973இல், நான்காண்டு உதவித்தொகை என்பதே ஒழிக்கப்பட்டு ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் முறை வந்தது. காயம்பட்டால், பயிற்சியாளருக்குப் பிடிக்காவிட்டால், வாய் பேசினால் அடுத்த ஆண்டு புதுப்பிக்கப்படாது. பல ஆண்டு உதவித்தொகையை மீண்டும் அனுமதிக்க 2012 வரை ஆனது.

உதவித்தொகையின் கயிறு யார் கையில் இருக்கிறது என்பது சின்னக் கேள்வி அன்று. அண்ணலுக்கே பரோடா உதவித்தொகை பத்தாண்டு பணிசெய்யும் ஒப்பந்தத்தோடுதான் வந்தது. காலம் முடிந்ததும் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டு 1917இல் திரும்பி, பரோடாவில் தங்க ஓர் இடம்கூடக் கிடைக்காமல் துரத்தப்பட்டார். பின்னாளில் வைசிராய் குழுவில் உறுப்பினரான அவர், பட்டியல் சாதி மாணவர்களுக்கு அரசே உதவித்தொகை தரவேண்டும் என்று வாதாடினார். 1944இல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் வழி வந்ததுதான் இன்று நம் பிள்ளைகள் வாங்கும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. மன்னரின் தயவு வேறு, சட்டப்படியான உரிமை வேறு என்பதை அனுபவித்து அறிந்தவரின் ஏற்பாடு அது.

ஆடவிட்டார்கள், படிக்கவிட்டார்களா?

நான்காண்டுகள் ஆடவைத்துவிட்டுப் பட்டமில்லாமல் அனுப்பிய கதைகள் ஏராளம். ஒரு பல்கலைக்கழகத்தில் நான்காண்டுகள் ஆடிய டெக்ஸ்டர் மேன்லி என்ற புகழ்பெற்ற வீரர், தமக்குப் படிக்கத் தெரியாமலேயே கல்லூரியைக் கடந்ததை 1989இல் செனட் குழுவின் முன்னால் கண்ணீரோடு சொன்னார்.

இதைச் சரிசெய்கிறோம் என்று வந்த விதியும் நம் மக்களைப் போன்றவர்கள் மீதே விழுந்தது. 1983இல் நிறைவேறி 1986இல் நடைமுறைக்கு வந்த ‘முன்மொழிவு 48’, எஸ்.ஏ.டி. தேர்வில் 1,600க்குக் குறைந்தது 700 எடுத்தால்தான் முதலாண்டு ஆடலாம் என்றது. தகுதியிழந்தவர்களில் மிகப்பெரும்பாலானோர் கறுப்பின மாணவர்கள். தேர்வே ஒருசார்பானது என்று கறுப்பினக் கல்லூரித் தலைவர்கள் எதிர்த்தார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு உதவித்தொகையே கூடாது என்று 1989இல் அடுத்த விதி வந்தபோது, ஜார்ஜ்டவுன் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஜான் தாம்சன் ஆட்டம் தொடங்கும் முன் மைதானத்தைவிட்டு வெளிநடப்புச் செய்தார்.

ஆனால் ஹாரி எட்வர்ட்சும் டென்னிஸ் வீரர் ஆர்தர் ஆஷும் கடுமையான கல்வி வரம்பை ஆதரித்தார்கள். எங்கள் பிள்ளைகளின் உடலை வாங்கிக்கொண்டு மூளையைக் குப்பையில் போடாதே என்பது அவர்கள் வாதம். இரு தரப்பிலும் கறுப்பின மக்களே நின்றார்கள். இந்த விவாதத்தை நாம் எளிதாகத் தீர்ப்புச் சொல்லிக் கடந்துவிட முடியாது. வரம்பைக் குறை என்ற குரலிலும் கல்வியைக் கூட்டு என்ற குரலிலும் நியாயம் உண்டு. வரம்பு வைத்தவர்கள் அந்த வரம்பை எட்டுவதற்கான பள்ளியைக் கட்டித்தரவில்லை என்பதுதான் குற்றம்.

வேறு மாதிரியும் செய்யலாம் என்று காட்டியவர்கள் டென்னசி மாநிலக் கறுப்பினக் கல்லூரியின் பெண்கள். எட் டெம்பிள் என்ற பயிற்சியாளரிடம் ஓடப் பழகிய ‘டைகர்பெல்ஸ்’ அணியினர் அவர்கள். குழந்தைப் பருவத்தில் இளம்பிள்ளைவாதத்தால் காலில் இரும்புச் சட்டம் மாட்டியிருந்த வில்மா ருடால்ஃப் 1960 ரோம் ஒலிம்பிக்கில் 3 தங்கம் வென்றார். வயோமியா டையஸ் 1964லும் 1968லும் 100 மீட்டரில் அடுத்தடுத்துத் தங்கம் வென்றார். வளமான கல்லூரியும் அன்று, தாராளமான உதவித்தொகையும் அன்று. படிப்புச் செலவுக்காக அந்தப் பெண்கள் வளாகத்திலேயே வேலை பார்த்தார்கள். ஆனால் அங்கிருந்து ஒலிம்பிக் போன 40 பேரில் ஏறத்தாழ எல்லோருமே பட்டம் பெற்றார்கள். பட்டம் வாங்கவே வந்திருக்கிறாய், ஓட்டம் அதற்கான வழி என்று சொல்லும் ஆள் பயிற்சியாளராக இருந்தது எவ்வளவு பெரிய வேறுபாடு!

துடுப்பும் மட்டையும்: வெளிவந்த கணக்கு

இனி ஹார்வர்டுக்குத் திரும்புவோம். ஹார்வர்டு, யேல் உள்ளிட்ட 8 கல்லூரிகளின் ஐவி லீக், விளையாட்டுக்காக உதவித்தொகை தருவதில்லை. பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். ஆனால் பயிற்சியாளர் பெயர் கொடுத்தால் சேர்க்கை கிடைக்கும். அங்கே பரிசு பணம் அன்று, இடம்.

வழக்கு நடந்ததால்தான் சேர்க்கைக் கோப்புகள் நீதிமன்றத்துக்கு வந்தன. ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களை ஆராய்ந்தபோது தெரிந்தவை இவை. பயிற்சியாளர் தேர்ந்தெடுத்த விளையாட்டு வீரர்களில் 86 விழுக்காட்டினருக்கு இடம் கிடைத்தது. அந்த ஆண்டுகளில் மொத்த விண்ணப்பதாரர்களில் இடம் கிடைத்தது 6 விழுக்காடு அளவுக்குத்தான். படிப்பில் கீழ்நிலை மதிப்பீடு பெற்றவர்களில், விளையாட்டு வீரர் என்றால் சுமார் 70 விழுக்காட்டினர் உள்ளே. மற்றவர்களில் ஆயிரத்துக்கு ஒருவர்கூட இல்லை. சேர்க்கப்பட்ட வெள்ளை மாணவர்களில் 43 விழுக்காட்டினர், விளையாட்டு வீரர்கள், பழைய மாணவர்களின் பிள்ளைகள், பேராசிரியர்கள் மற்றும் ஊழியர்களின் பிள்ளைகள், நிர்வாகத்தின் தனிப்பட்டியலில் இருந்தவர்கள் என்ற நான்கு வகைக்குள் வந்தார்கள். கறுப்பின, ஆசிய, லத்தீன் மாணவர்களில் இந்தப் பங்கு 16 விழுக்காட்டுக்கும் கீழே.

ஹார்வர்டில் 40க்கும் மேற்பட்ட அணிகள். கூடைப்பந்தும் ஓட்டமும் அதில் உண்டு. கூடவே பாய்மரப் படகு, வாள்வீச்சு, ஸ்குவாஷ், நீர்ப்பந்து, கோல்ஃப். ஏழைகள் படிக்கும் எந்த அரசுப் பள்ளியில் பாய்மரப் படகு இருக்கிறது? பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியும் இருவரும் 2023 ஜூலையில் வெளியிட்ட ஆய்வு, 12 மேட்டுக்குடிக் கல்லூரிகளைப் பார்த்தது. ஒரே தேர்வு மதிப்பெண் எடுத்திருந்தாலும், உச்சியில் இருக்கும் 1 விழுக்காட்டுப் பணக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு இடம் கிடைக்கும் வாய்ப்பு நடுத்தர வீட்டுப் பிள்ளையைப் போல் இரு மடங்குக்கும் மேல். அந்த இடைவெளியில் ஏறக்குறைய கால் பங்குக்குக் காரணம் விளையாட்டுச் சேர்க்கை.

ஆடாமலேயே வாங்கியவர்களும் உண்டு. 2019 மார்ச்சில் வெளியான மோசடி வழக்கில், தரகர் ஒருவர் வழியாகப் பயிற்சியாளர்களுக்குப் பணம் கொடுத்து, படகு ஓட்டாத பிள்ளைகளைப் படகு வீரர்களாகக் காட்டி இடம் வாங்கியது அம்பலமானது. ஒரு திரைநட்சத்திரக் குடும்பம் இரண்டு மகள்களுக்காக 5,00,000 டாலர் கொடுத்தது. மற்றொரு உடலில் தம் பிள்ளையின் தலையை ஒட்டிய நிழற்படங்களும் கோப்பில் இருந்தன. லோவல் காலத்தில் நிழற்படம் கேட்டது யூதரைக் கண்டுபிடித்து விலக்க. நூறாண்டு கழித்து, பணக்காரரை உள்ளே ஏற்ற அதே நிழற்படம் உதவியது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை

தோழர்களே, விளையாட்டு ஒதுக்கீடு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வியாசர்பாடியின் கால்பந்துப் பிள்ளைகளையும் கிராமத்துக் கபடிப் பிள்ளைகளையும் தெரிந்த எவரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். தமிழ்நாட்டில் பொறியியல், மருத்துவச் சேர்க்கையில் விளையாட்டு வீரர்களுக்கு இடங்கள் உண்டு. சென்னை ஐ.ஐ.டி. 2024இல் ஒவ்வொரு இளநிலைப் பிரிவிலும் விளையாட்டு வீரர்களுக்கு 2 கூடுதல் இடங்களைக் கொண்டுவந்தது. அதில் ஒன்று பெண்களுக்கு. ‘மதிப்பெண் மட்டுமே தகுதி’ என்று நம்மிடம் சண்டை போட்டவர்கள் இதைக் கண்டு போராட்டம் நடத்தவில்லை. வேறு வகைத் திறமையையும் மதிக்கலாம் என்று அவர்களுக்கும் தெரியும். அந்தத் தாராளம் சாதியால் மறுக்கப்பட்டவர்களிடம் வரும்போது மட்டும் வற்றிவிடுகிறது.

நாம் செய்யவேண்டியவை மூன்று.

முதலாவது, கணக்குக் கேளுங்கள். ஹார்வர்டின் உண்மை வழக்குப் போட்டதால் வெளிவந்தது. நமக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. உங்கள் கல்லூரியில், பல்கலைக்கழகத்தில் கடந்த 5 ஆண்டுகளில் விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எத்தனை பேர், எந்தெந்த விளையாட்டு, எந்தப் பள்ளி என்று எழுதிக் கேளுங்கள்.

இரண்டாவது, பட்டியலைப் பாருங்கள். சேர்க்கைக்கு எந்தெந்த ஆட்டங்களை ஏற்கிறார்கள், எந்தச் சான்றிதழுக்கு எத்தனை மதிப்பெண் என்பதில்தான் சாதியும் வர்க்கமும் ஒளிந்திருக்கும். சர்வதேச, தேசியப் போட்டிச் சான்றிதழுக்கு முன்னுரிமை என்றால், அந்தப் போட்டிவரை போக ரயில் கட்டணம், காலணி, பயிற்சியாளர் யாருக்கு இருக்கிறது என்ற கேள்வியும் கூடவே வரவேண்டும். ஊர்த் திடலில் காலடி வைக்கவே நம் பிள்ளைகளை அனுமதிக்காத இடங்கள் உள்ள நாட்டில், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்கும் விடுதிகளுக்கும் மைதானமும் பயிற்சியாளரும் கேட்பது கல்வி உரிமைக் கோரிக்கையேதான்.

மூன்றாவது, கயிற்றை அவிழுங்கள். விளையாட்டு உதவித்தொகையிலோ விளையாட்டு விடுதியிலோ சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும், காயம்பட்டாலும், வாய் திறந்து பேசினாலும் படிப்பு முடியும்வரை அது நிற்காது என்ற எழுத்துபூர்வ உறுதி வேண்டும்.

ஏன் அவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்? 2015 நவம்பரில் மிசௌரி பல்கலைக்கழகத்தில் நிறவெறிச் சம்பவங்களைக் கண்டுகொள்ளாத தலைவர் பதவி விலக வேண்டும் என்று ஒரு கறுப்பின ஆய்வு மாணவர் உண்ணாவிரதம் இருந்தார். நிர்வாகம் அசையவில்லை. 7ஆம் தேதி கறுப்பினக் கால்பந்து வீரர்கள், தலைவர் போகும்வரை ஆடமாட்டோம் என்று கைகோத்து நின்றார்கள். ஆட்டம் நின்றால் பல்கலைக்கழகத்துக்கு 10 லட்சம் டாலர் நட்டம். 9ஆம் தேதி தலைவர் பதவி விலகினார். அடுத்த மாதமே, ஆட மறுக்கும் வீரர்களின் உதவித்தொகையைப் பறிக்கும் மசோதா அந்த மாநிலச் சட்டமன்றத்தில் வந்தது. எதிர்ப்பால் திரும்பப் பெறப்பட்டது. பத்தாண்டு கழித்து, 2025 ஜூனில், கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம் என்ற உடன்பாட்டுக்கு நீதிமன்றம் ஒப்புதல் அளித்தது. ‘மாணவர்தான், தொழிலாளி அல்லர்’ என்று எழுபதாண்டு கட்டிக் காத்த சுவரில் பெரிய விரிசல் அது.

1940இல் பேட்ஸ் என்ற ஒரு கறுப்பின வீரர் ஆடக்கூடாது என்று ஒதுக்கப்பட்டது இதே மிசௌரியோடு நடந்த ஆட்டத்தில்தான். 75 ஆண்டுகள் கழித்து அதே மிசௌரியில் கறுப்பின வீரர்கள் தாங்களாகவே ஆட மறுத்தார்கள், பல்கலைக்கழகம் பணிந்தது. வாசலுக்குள் ஒருவராக நுழைந்தால் பெஞ்சில் உட்கார வைப்பார்கள். அமைப்பாக நுழைந்தால் நாம் வைக்கும் கோரிக்கைக்குப் பதில் சொல்லியாக வேண்டும். கற்பி, கிளர்ச்சி செய், ஒன்றுசேர் என்று அண்ணல் சொன்னது மைதானத்துக்கும் சேர்த்துத்தான்.

ஜெய்பீம்.